பிள்ளை இல்லை என்று அச்சிட்டவர்

போன மாதம் வெனிஸிலிருந்து படித்த மனிதர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நல்ல கம்பளி அங்கி, சீவிவிட்ட தாடி. 'சுடரின் உள்ளறை' என்ற புத்தகம் ஒரு பிரதி கிடைக்குமா, என்ன விலை கேட்டாலும் தருகிறேன் என்றார். உலகத்திலேயே பத்துப் பதினைந்து பிரதிதான் மிச்சமாம். மனிதர் கண்ணில் படக்கூடாத ஏதோ ஒரு ரகசியம் அதில் இருந்ததாம். அதை எழுதிய ஹக்காம் சால்தியேலே பயந்துபோய் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டு வாங்கி மண்ணில் புதைத்துவிட்டாராம். வெனிஸில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம்.

அவருக்கு ஒரு கரண்டி ரோஜா இனிப்பும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்து, என்னிடம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ரகசியமாம், ரகசியம். அந்தப் புத்தகம் எங்கள் அச்சுக்கூடத்தில்தான் பிறந்தது. ஈரத் தாளைக் கொடியில் போட்டதும், காய்ந்ததை மடித்ததும், ஊசி கோத்துத் தைத்ததும் இந்தக் கைதான். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். படித்ததில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதியில் பயப்பட ஒன்றுமில்லை. அதைப் புதைத்ததற்குக் காரணம் ஒரு வீட்டு விஷயம். சம்பந்தப்பட்ட எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி நான் வாயைத் திறந்தால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

சால்தியேலும் அவர் மனைவி ரெய்னாவும் சலோனிக்காவின் யூதர் சந்தில் எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர், முற்றத்தில் பொதுக் கிணறு. ஊரில் ஹக்காம் என்று மதிக்கப்பட்ட படிப்பாளிகள் பலர் இருந்தார்கள். ஆனால் மறைஞானம் என்றால் சால்தியேல்தான். எழுத்துகளால்தான் ஆண்டவர் உலகத்தைச் செய்தார், அதனால் வாயிலிருந்து போகிற ஒவ்வொரு சொல்லும் மேலே போய் எதையாவது செய்துவிட்டுத்தான் ஓயும் என்பார். அதனாலேயே ரொம்பக் குறைவாகப் பேசுவார். ரெய்னாவுக்கு வாய் ஓயாது. இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்று கேட்டால், அவர் மிச்சம் பிடிப்பதை நான் செலவு செய்கிறேன் என்பாள்.

அவள் பெற்றது ஆறு. ஐந்து போயிற்று. ஒன்றுகூட நடை பழகவில்லை. ஆறாவது பின்ஹாஸ். இரண்டு வயதில் அவனுக்கும் அதே காய்ச்சல் வந்தது, அதே மாதிரி உதடு நீலம் பாரித்தது.

அப்போது என்ன செய்வது என்று எங்கள் சந்தில் யாரும் யோசிக்கவே வேண்டாம். பிள்ளை தங்காத வீட்டுப் பிள்ளையைப் பிள்ளை தங்குகிற வீட்டுக்கு விற்றுவிட வேண்டும். மரண தூதனை நாங்கள் பெயர் சொல்ல மாட்டோம், கண்காரன் என்போம். அவன் உடம்பு முழுக்கக் கண். ஆனால் கணக்கில் கொஞ்சம் மந்தம். சால்தியேல் வீட்டுப் பிள்ளை எங்கே என்று வருவான், அந்த வீட்டில் பிள்ளையே இல்லை என்று தெரிந்தால் திரும்பிப் போய்விடுவான். எனக்கு நான்கு பிள்ளைகள், நான்கும் முள்ளங்கி மாதிரி வளர்ந்து நின்றன. அதனால் என்னிடம்தான் வந்தார்கள். ஜன்னல் வழியாகக் குழந்தையைக் கொடுத்தார்கள், நான் ஒரு வெள்ளிக் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அவன் பெயர் மெர்காடோ. எங்கள் பேச்சில், வாங்கப்பட்டவன் என்று அர்த்தம்.

பிழைத்துவிட்டான். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டான்.

விற்ற பிள்ளையைப் பெற்றவர்கள் அவன் கல்யாணம் வரை மகன் என்று சொல்லக்கூடாது. அவனும் அம்மா அப்பா என்று கூப்பிடக்கூடாது. கல்யாணத்தன்று காலையில் மேளத்தோடு வந்து பேரம் பேசித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய வீட்டுக்காரி விலை ஏற்றுவாள், சந்தே சிரிக்கும். அதுவரைக்கும்தான் விலக்கு. நிறைய வீடுகளில் இதைப் பாதி விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வெளியே அடுத்த வீட்டுப் பையன், கதவைச் சாத்தினால் கண்ணே, மணியே. சால்தியேலுக்கு விளையாட்டே தெரியாது. அவர் ஒரு முறைகூட அந்தப் பையன் தலையைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலும் அப்பன் பிள்ளைகள் தலையில் கை வைத்து ஆசி சொல்லுவான். என் கணவர் லியோன் எங்கள் நான்கோடு மெர்காடோவையும் சேர்த்து ஐந்து தலையிலும் வரிசையாகக் கை வைப்பார். அந்த நேரத்தில் சால்தியேல் எங்கள் வாசலைத் தாண்ட வேண்டி வந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு வேகமாகப் போவார்.

ரெய்னா வேறு ரகம். சல்லடை வேண்டும் என்று வருவாள், சல்லடையைத் திருப்பித் தர வருவாள், சல்லடையை மறந்துவிட்டேன் என்று வருவாள்.

"உன் வீட்டுல மாவே சலிக்கறதில்லையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சலிக்கறதுக்கு மாவு வேணாமா? அதையும் குடு," என்றாள். சொல்லிக்கொண்டே அவன் தலையில் எண்ணெய் தேய்த்தாள். "அடுத்த வீட்டுப் பையா, காதுக்குப் பின்னாடி இவ்வளவு அழுக்கா? உங்கம்மா உன்னைக் குளிப்பாட்டறதே இல்ல போல."

"அத்தை, நீங்க என்னை வித்ததே இந்த அழுக்குக்குப் பயந்துதானே," என்பான் அவன்.

வாயில் அவளையே கொண்டு பிறந்திருந்தான். பெரியவன் ஆன பிறகும் அதே கேலிதான். "ஒரு வெள்ளிக் காசுக்கா என்னைக் குடுத்தாங்க? கழுதைக்கே அதைவிட அதிகம் கிடைக்குமேம்மா," என்று என்னிடம் கேட்பான். கழுதை உழைக்கும் என்று நான் சொல்வேன். உண்மையில் அவன்தான் எங்கள் அச்சுக்கூடத்தில் எல்லோரையும்விட உழைத்தான். தோள் அகலம். அச்சு இயந்திரத்தின் கைப்பிடியை இழுப்பது அவன் வேலை.

சால்தியேல் வருஷக்கணக்காக எழுதிய புத்தகம் கடைசியில் எங்களிடம்தான் அச்சுக்கு வந்தது. தினமும் காலையில் வருவார், முந்தின நாள் இழுத்த தாளைப் பார்த்துத் திருத்துவார். மெர்காடோ பக்கத்தில் நிற்பான். ஒரு தாளின்மேல் இரண்டு தலையும் சேர்ந்து குனிந்திருக்கும். இந்த எழுத்து மங்கியிருக்கிறது, சரி ஹக்காம். இங்கே மை தடிப்பு, சரி ஹக்காம். அவ்வளவுதான் பேச்சு. அதற்காகவே அவர் வேண்டுமென்று மெதுவாகத் திருத்துகிறார் என்று எனக்குப் பட்டது. தாள் காயப்போடும் சாக்கில் நானும் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.

மெர்காடோவுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. நெசவுக்காரர் மகள் எஸ்த்ரேயா. கோடை தொடங்கும்போது கல்யாணம். ரெய்னா கால் தரையில் பாவாமல் நடந்தாள். என்ன விலை சொல்லப் போகிறாய் என்று என்னை இப்போதிருந்தே நச்சரித்தாள். உன் தாலாட்டு எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறாயே, அதுதான் விலை, சந்தில் நின்று பாட வேண்டும் என்றேன். பாடுகிறேன் என்றாள்.

புத்தகத்துக்கு முன்னுரை எப்போதும் கடைசியில்தான் அச்சாகும். முன்னுரையில் நான்காவது வரி இது: 'ஐந்து பிள்ளைகளைக் கொடுத்தார், ஐந்தையும் எடுத்துக்கொண்டார். எனக்குப் பிள்ளை இல்லை. இந்தப் புத்தகமே என் பிள்ளை. எனக்குப் பின் என் பெயரைச் சொல்ல இதை விட்டுப் போகிறேன்.' பிள்ளை இல்லாத படிப்பாளிகள் எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள். எழுத்துக் கோத்த லியோன் கை போன போக்கில் கோத்துவிட்டுப் போய்விட்டார். முதல் தாளை இழுத்தவன் மெர்காடோ. அவன் படித்தான். கைப்பிடியை விட்டுவிட்டு நின்றான்.

அப்போது கூடத்தில் வேலைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள், சால்தியேலும் இருந்தார்.

"ஹக்காம், இந்த வரியில ஏதோ தப்பு இருக்கு போல," என்றான் மெர்காடோ.

அவர் வாங்கிப் பார்த்தார். "தப்பு இல்ல."

"அஞ்சுன்னு இருக்கு."

"அஞ்சுதான்."

"இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, ஹக்காம். கல்யாணம் முடிஞ்சிடும். ஆனா புத்தகம் இருக்குமே. நூறு வருஷம் கழிச்சு எவனாவது எடுத்துப் படிச்சா, அவனுக்கு என்ன தெரியும்?"

சால்தியேல் தாளை அவனிடம் திருப்பிக் கொடுத்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குப் பிள்ளை இல்ல, தம்பி. அச்சடி," என்றார்.

அச்சடித்தான். சாயங்காலம் வரை நிற்காமல் இழுத்தான், முழுப் பதிப்புக்கும். அன்று இரவுச் சாப்பாட்டில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னான்: "அம்மா, இன்னைக்கு எனக்கு அப்பா இல்லைன்னு ஐந்நூறு தடவை நானே அச்சடிச்சேன். கூலி கொஞ்சம் சேர்த்துக் குடுக்கச் சொல்லு." சிரித்தான். லியோன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனேன்.

"உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா, ஹக்காம்?" என்று கேட்டேன். "அவன் கையாலயே அடிக்க வெச்சீங்களே."

சால்தியேல் எழுந்து நின்றார். 

"கண்காரனுக்கும் படிக்கத் தெரியும், ஜோயா," என்றார். "கல்யாணம் நெருங்க நெருங்க அவன் இன்னும் தேடுவான். தேடறவன் கண்ணுல இது படட்டும். ஊர் ஊரா போய் இந்த வீட்டுல பிள்ளை இல்லைன்னு சொல்லட்டும். கல்யாணத்துக்கு மறுநாள் வேற தாள் அடிச்சு ஒட்டிடுவோம்."

"இதை அவன்கிட்ட சொல்லலாமில்ல?"

"சொன்னா அவன் முகத்துல தெரியும். வேணாம்."

எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் மெர்காடோவிடம் சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றான். "அவரு எதுக்கு எழுதினாருன்னு படிக்கும்போதே தெரியும். தெரிஞ்சும் வலிக்குது. அதுக்கு என்ன பண்ணச் சொல்றே?"

துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் காய்ச்சலை இறக்கிவிட்டுப் போனது. தோட்டவீடு இருந்தவர்கள் மலைப்பக்கம் ஓடினார்கள். எங்களுக்குத் தோட்டமும் இல்லை, விட்டுவிட்டு ஓட மனமும் இல்லை, பாதிப் பிரதிகள் தைக்காமல் கிடந்தன. மெர்காடோவுக்குக் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் கண்டது. மூன்று நாளில் அந்த அகலத் தோள் படுக்கையில் ஒரு சிறுவன் தோள் மாதிரி ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வைத்தியர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போனார். ரெய்னா ஈரத்துணியோடு அவன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்போதும் அடுத்த வீட்டுக்காரியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் சால்தியேல் வந்தார். விற்ற நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியேறியது அன்றுதான். அறைக்குள் வராமல் நிலைப்படியில் நின்றார்.

"உள்ள வாங்க, ஹக்காம்," என்றான் மெர்காடோ. "இங்க ஒரு தப்புத் திருத்த வேண்டியிருக்கு."

நான் விளக்கேற்றிக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். லியோன் என் பிள்ளைகளுக்கு ஆசி சொல்லிவிட்டு அவனிடம் வந்து தலையில் கையை வைக்கப் போனார். அவன் தலையை ஒதுக்கினான்.

"அப்பா, நீங்க இத்தனை வருஷம் பண்ணிட்டீங்க. இன்னைக்கு அவரு பண்ணட்டும்."

லியோன் ஒதுங்கி வழிவிட்டார். சால்தியேலின் கை அங்கியிலிருந்து வெளியே வந்தது, கொஞ்சம் உயர்ந்தது, திரும்ப உள்ளே போய்விட்டது.

"கல்யாணத்தன்னைக்குப் பண்றேன்," என்றார்.

"அதுவரைக்கும் நான் தாங்கமாட்டேன்."

"தாங்குவே."

"ஒரே ஒரு தடவை மகனேன்னு சொல்லுங்க. கண்காரன் கேட்டா கேட்டுட்டுப் போறான். அவன் ஏற்கெனவே வந்து கட்டில்ல உக்காந்துட்டான், அத்தைக்குக்கூட இடம் விடல."

சால்தியேல் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவருக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும், அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதைச் சொன்னால் பையன் போய்விடுவான் என்று அவர் நம்பியதும் எங்களுக்குத் தெரியும். அவர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு வேதத்திலிருந்து சங்கீதம் சொல்ல ஆரம்பித்தார். குரல் நடுங்கியது, ஆனால் ஒரு வார்த்தை தவறவில்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

மெர்காடோ கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது.

ரெய்னா ஈரத்துணியைத் தரையில் போட்டாள்.

"பின்ஹாஸ்," என்றாள். "என் மகனே. என் வயித்துல பொறந்தவனே, அம்மா இங்கதான்டா இருக்கேன்."

மெல்லச் சொல்லவில்லை. பதினேழு வருஷம் அடக்கி வைத்ததைச் சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அவன் கண்ணைத் திறந்து அவள் பக்கம் திரும்பினான். அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சால்தியேல் சங்கீதத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நானும் பார்த்தேன். கொலைகாரியைப் பார்க்கிற பார்வை அது. ஒரு நொடிதான் இருந்தது. ஆனால் ரெய்னா நிமிர்ந்தபோது அது அங்கே இருந்தது.

மறுநாள் காலை ஜெப ஆலயத்திலிருந்து ஆண்கள் திரும்புவதற்குள் மெர்காடோ போய்விட்டான்.

சபாத்தில் சாவு விழுந்தால் எடுக்கவும் முடியாது, வாய்விட்டு அழவும் கூடாது. அன்று ஆண்டவரின் ஓய்வுநாள், துக்கத்துக்கு இடமில்லை. ரெய்னா பகல் முழுவதும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் இனி அழலாம் என்று பெண்கள் வந்து சொன்னார்கள். அப்போது அவளுக்கு அழுகை வரவில்லை. நான்தான் அழுதேன், எல்லோருக்கும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். துக்க அடையாளமாக அப்பன் தன் சட்டையைக் கிழிக்க வேண்டும், அப்பன் யார் என்று அடக்கம் செய்பவர் கேட்டார். சால்தியேலும் லியோனும் ஒரே சமயத்தில் ஓர் அடி முன்னால் வந்தார்கள். பிறகு லியோன் பின்வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து தன் சட்டையைத் தானே கிழித்துக்கொண்டார்.

ஏழு நாள் துக்கத்துக்கு ரெய்னா தரையில் உட்கார்ந்தாள். பெண்கள் அவித்த முட்டையும் பயறும் கொண்டுவந்தார்கள், கூடவே நாக்கையும் கொண்டுவந்தார்கள். "பதினேழு வருஷம் காப்பாத்தினதை ஒரு வார்த்தையில தொலைச்சுட்டா," என்று ஒருத்தி மூலையில் கிசுகிசுத்தாள். "கூப்பிட்டாளே, அவன் பேரையே சொல்லிக் கூப்பிட்டாளே. விடிஞ்சதும் கண்காரன் வந்துட்டான் பாரு." நான் அவளைப் பயறுச் சட்டியோடு வெளியே தள்ளினேன். ரெய்னா காதில் விழாமல் இருக்குமா?

"அவளை ஏன் தள்றே?" என்றாள். "நான்தான் கூப்பிட்டேன்."

ஏழு நாள் முடிந்தது. எழுந்திருக்க வேண்டிய காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. தரையிலேயே கிடந்தாள். ஊட்டினால் ஒரு வாய் வாங்குவாள், அடுத்ததைத் துப்புவாள். சால்தியேல் எதிரே உட்கார்ந்திருப்பார். ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த சபாத். நான் ஜெப ஆலய மாடியில் பெண்கள் பக்கம் இருந்தேன். ரெய்னாவையும் இரண்டு பக்கமும் பிடித்துக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தோம். வேதச்சுருளான தோராவை வாசித்து முடித்ததும் சால்தியேல் மேடை ஏறினார். கூட்டத்தில் வாய் திறக்காத மனிதர் மேடை ஏறியதும் எல்லோரும் அமைதியானார்கள்.

"எனக்குப் பிள்ளை இல்லைன்னு என் புத்தகத்துல எழுதினேன்," என்றார். "அது பொய். எழுதினது எழுதினபடி ஆகும்னு அதே புத்தகத்துல பக்கம் பக்கமா எழுதினவனும் நான்தான். தெரிஞ்சே அந்தப் பொய்யை ஐந்நூறு தடவை அடிக்க வெச்சேன். இப்ப அது உண்மையாயிடுச்சு. என் மகனைக் கொன்னது என் எழுத்து. வேற யாரும் எதுவும் பண்ணல. யாரோட குரலும் எதுவும் பண்ணல. அது தெரியாம என் வீட்டுக்காரியைப் பேசினவங்க நாக்கை அடக்குங்க. புத்தகம் வாங்கினவங்க நாளைக்குள்ள திருப்பிக் குடுத்துடுங்க, புதைக்கணும்."

ஆண்டவர் பெயர் அச்சான தாளை எரிக்க முடியாது. மனிதனைப் புதைக்கிற மாதிரி புதைக்கத்தான் வேண்டும். இன்னொரு ஹக்காம் எழுந்து, இதற்குச் சட்டத்தில் இடமில்லை, ஒரு வரிக்காக ஒரு புத்தகத்தைக் கொல்வார்களா என்று வாதாடினார். நான் இப்போதுதான் மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்தேன் என்று பின்னாலிருந்து ஒருவர் முனகினார். சால்தியேல் இறங்கி வந்துவிட்டார். ரெய்னா மாடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அன்று சாயங்காலத்திலிருந்து பெண்கள் பேச்சு மாறிவிட்டது. பாவம் ரெய்னா, அவளைப் போய்ச் சொன்னோமே என்றார்கள்.

பிரதிகள் கூடை கூடையாக வந்தன. ஏற்கெனவே கப்பலில் போன ஒரு மூட்டை மட்டும் போனது போனதுதான். லியோன் கழுதைக்கு ஏற்பாடு செய்தார். நான் கூடத்துக்குப் போனபோது சால்தியேல் தனியாக உட்கார்ந்து கட்டுக்கட்டாகக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் இழுத்துத் தைத்த தையல் ஒவ்வொன்றும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"ஹக்காம், ஒண்ணு கேக்கறேன். நெஜமாவே இந்தப் புத்தகம்தான் அவனைக் கொன்னுதுன்னு நம்பறீங்களா?"

அவர் முடிச்சைப் போட்டு முடித்தார்.

"இல்ல," என்றார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"அவ கூப்பிட்டதாலதான் போனான். அன்னைக்கும் அப்படித்தான் தோணுச்சு, இன்னைக்கும் அப்படித்தான் தோணுது. மனசை அடிச்சு மாத்தப் பாத்தேன், மாறல. என் படிப்பு அப்படி." அடுத்த கட்டை எடுத்தார். "அன்னைக்கு அவளை ஒரு பார்வை பாத்துட்டேன், ஜோயா. அவ அதைப் பாத்துட்டா. இனிமே நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டா. நான் பெருசா எதையாவது செஞ்சாதான் நம்புவா."

"இருபது வருஷமா எழுதினது, ஹக்காம்."

"அவளுக்குக் குடுக்க என்கிட்ட வேற என்ன இருக்கு?"

அவரைத் திட்டத்தான் போயிருந்தேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு வெட்டிக் கொடுத்தேன். இதை ரெய்னாவிடம் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன்.

ஆண்கள் போய், பிள்ளையின் குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி வெட்டி, புத்தகங்களை அடுக்கி மூடிவிட்டு வந்தார்கள். மறுநாள் ரெய்னா அங்கே போக வேண்டும் என்றாள். கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். இரண்டு மண்மேடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, புத்தகத்தின் மேடு கொஞ்சம் பெரியது. அவள் பிள்ளையின் பக்கம் உட்கார்ந்து மண்ணைத் தடவினாள்.  கொடுத்த வாக்கையெல்லாம் கட்டிக் காக்கிற ஆள் நான் இல்லை.

"ரெய்னா," என்றேன். "அந்தப் புத்தகம்..."

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவருக்கு அதுல நம்பிக்கை இல்லைன்னு தெரியும். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். மேடையில நின்னு அவரு ஒரே மூச்சுல அவ்வளவு பேசினாரே, அப்பவே பொய்னு தெரிஞ்சுபோச்சு. எனக்காகத்தான் புதைச்சாரு. நான் கொல்லலைன்னு நான் நெனைக்கணுமாம்."

"நீ கொல்லலதான்டி. காய்ச்சல்ல ஊரே செத்துச்சு."

"நீயும் அதை என்கிட்ட இருந்து எடுத்துக்காதே, ஜோயா." அவள் குரலில் கோபமே இல்லை. "அவனை இடுப்புல வெச்சு சந்துல நடந்ததில்ல. அவன் பேரைச் சொல்லிச் சோத்துக்குக் கூப்பிட்டதில்ல. அவனுக்கு அம்மாவா நான் இருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். கூப்பிட்டேன், திரும்பிப் பாத்தான். என்னைப் பாத்தான். அந்த வார்த்தை அவன் உசிரைத் தொடலை, கொன்னது புத்தகம்தான், காய்ச்சல்தான்னு ஆளாளுக்குச் சொன்னா, நான் கூப்பிட்டது அவனுக்கு எட்டவே இல்லைன்னு ஆயிடும். அப்புறம் எனக்கு அவன்கிட்ட என்ன இருக்கு?"

 அவள் எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதே," என்றாள். "என்னைக் காப்பாத்திட்டோம்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. அதுகூட இல்லைன்னா அவரு எதை வெச்சுக்கிட்டு இருப்பாரு?"

அன்று சாயங்காலம் ரெய்னா அடுப்பைப் பற்ற வைத்தாள். வெங்காயத் தண்டும் எலும்பும் போட்டுக் கஞ்சி காய்ச்சி அவர் முன்னால் வைத்துவிட்டு, தானும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து குடித்தாள். சால்தியேல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். தன் புத்தகத்தால்தான் அவள் எழுந்தாள் என்று சாகும்வரை நம்பினார்.